பாதி முகம்

துக்கம் விசாரிக்கத்தான் போனோம்.
தகப்பனைப் பறிகொடுத்த அம்மோனியனுக்கு
எங்கள் அரசன் சொல்லியனுப்பிய நாலு வார்த்தை
என் நாக்கில் இருந்தது.
சொல்லி முடிக்கவில்லை.

வேவு பார்க்க வந்தவர்கள் என்றார்கள்.
பிடித்து உட்காரவைத்து
வலப்பக்கத் தாடியை மட்டும் மழித்தார்கள்,
தண்ணீர்கூடத் தொடாமல்.
அங்கியை இடுப்போடு அறுத்தார்கள்.
அறுத்தவன் அளவு பார்த்து அறுத்தான்,
தையற்காரனாக இருந்திருப்பான்.
ரப்பாவின் வாசல்வரை
சிரிப்பு எங்களை வழியனுப்ப வந்தது.

கொன்றிருந்தால் வீட்டில் அழுதிருப்பார்கள்.
இதற்கு என்ன செய்வார்கள்?

பகலில் புதரில் கிடந்தோம், இரவில் நடந்தோம்.
முன்னால் போக யாரும் சம்மதிக்கவில்லை,
பின்னால் வருபவன் பார்ப்பான் அல்லவா.
ஐந்து பேரும் ஒரே வரிசையில்
நண்டுகளைப் போல நகர்ந்தோம்.
"மயிர்தானே, முளைக்கும்" என்றான் யாகாத்.
பதில் வரவில்லை.
மயிருக்கும் உயிருக்கும்
ஓர் எழுத்துத்தான் தூரம்.

யோர்தான் துறையில் கோவேறு கழுதையோடு ஒருவன்.
செய்தி எங்களை முந்திப் போயிருந்தது,
கேவலத்துக்குக் கால் அதிகம்.
அரண்மனைக்கு இழுத்துப்போக வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.
நடந்ததைச் சபையில் ஒன்று விடாமல் சொல்லவேண்டும்,
அறுந்த துணியைத் தூக்கிக் காட்டவேண்டும்,
பார்த்துப் படை கொதிக்கவேண்டும்.
நான் அரசனாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.
எங்களைவிட நல்ல போர்க்கொடி ஏது?

வந்தவன் பெயர் செத்தூர்.
எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான்.
தோளுக்கு மேலாக ஒரு மூட்டையை நீட்டினான்.
ஐந்து அங்கிகள்,
கணுக்காலுக்கும் கீழே ஒரு சாண் இறங்குபவை.
உடுத்தாயிற்றா என்று கேட்ட பிறகே திரும்பினான்.
ஊருக்கு இப்போது வரவேண்டாமாம்,
எரிகோவில் இருக்கலாமாம், தாடி வளரட்டுமாம்.
எத்தனை நாள் என்று கேட்டான் ரெகூம்.
"அதை அவர் சொல்லவில்லை.
உங்கள் முகம், உங்கள் கணக்கு."

எரிகோவுக்கு அப்போது மதில் கிடையாது.
விழுந்தது விழுந்தபடி, கல்லிடுக்கில் முள்.
கட்டுகிறவனுக்குச் சாபம் என்று யாரும் தொடுவதில்லை.
விழுந்ததை மறைக்காத ஊர்.
யோசித்துத்தான் அனுப்பியிருக்கவேண்டும்.

பேரீச்ச மரங்களுக்கு நடுவே நாராளின் வீடு.
வெண்கலக் கண்ணாடி இருந்த இடத்தில்
ஆணி மட்டும் இருந்தது.
அப்பம் வைப்பாள், எண்ணெய் வைப்பாள்,
ரப்பாவைப் பற்றிக் கேட்கமாட்டாள்.
ஒரே ஒரு முறை, விளக்கை ஏற்றிக்கொண்டே,
"சொறியாதீர்கள், புண்ணாகிவிடும்" என்றாள்.

இடப்பக்கத்தையும் மழித்துவிட்டால்
சமமாகிவிடுமே என்று ரெகூம் கத்தி எடுத்தான்.
யாகாத் அதை வாங்கி அத்திப்பழம் நறுக்கினான்.
"அவர்கள் தொடங்கியதை
நாம் முடித்துக் கொடுக்கவேண்டாம்."

கிழக்கே படை போன தூசி தெரிந்தது.
எங்களுக்காகவா? எங்களைக் கேட்கவில்லை.
அந்தப் போர் நீண்டதும்,
ஒரு மாலையில் இதே அரசன்
மாடியிலிருந்து எதைப் பார்த்தான்,
அதற்காக எந்த வீரன் செத்தான் என்பதும்
பிறகு எனக்கும் தெரியவந்தது.
அதைக் கழுவிவிட நான் வரவில்லை.
ஆனால் அந்தத் துறைக்கு
திரும்பி நிற்கத் தெரிந்த ஒருவனை
தேடி அனுப்பியவனும் அவன்தான்.
இரண்டையும் எந்தத் தராசில் வைப்பது,
எனக்குத் தெரியவில்லை.

மாதங்கள் கழித்துப் போனோம்.
என் வலக்கன்னம் நரையாகவே முளைத்திருந்தது.
அரசன் எழுந்து வந்தான்.
நேராக, முழுதாக, என் முகத்தைப் பார்த்தான்.
"எரிகோவில் பேரீச்சை பழுத்துவிட்டதா?"

பழுத்துவிட்டது என்றேன்.
அவ்வளவுதான் பேசினோம்.